பின்னறையில் தீர்ப்பு வேண்டாம்

தமிழ்நாட்டின் ஜவுளிக்கடை, பல்பொருள் அங்காடி முதலாளிமாருக்கு,



ஆடித் தள்ளுபடிக்குப் பேனர் அடிக்கக் கொடுத்திருப்பீர்கள். ஊர்ப்பக்கத்திலிருந்து புதிதாக ஆள் எடுத்து, விடுதியில் இடம் ஒதுக்கி, வாசலுக்குக் கூடுதல் செக்யூரிட்டி கேட்டு ஏஜென்சியோடு பேசிக்கொண்டிருப்பீர்கள். கூட்டம் வந்துவிட்டால் இதைப் படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. அதனால் இப்போதே எழுதுகிறேன். உங்களைப் போன்றவர்களின் கடைகளில் ஸ்டாக் எடுத்துக் கணக்கு முடித்துக் கொடுப்பது என் தொழில். உங்கள் புத்தகத்தில் இருக்கும் இருப்புக்கும் ரேக்கில் இருக்கும் இருப்புக்கும் நடுவே விழும் பள்ளத்தைப் பார்த்துப் பார்த்தே என் தலை நரைத்தது.

கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சரக்கு குறைந்தால், நீங்களே போலீஸாகவும் நீதிபதியாகவும் இருந்து பின்னறையில் தீர்ப்பு சொல்வதை நிறுத்துங்கள். யாராவது பிடிபட்டால் அவரை மேனேஜர் அறையில் உட்காரவைத்துப் பத்து மடங்கு வாங்குகிறீர்கள். யாரும் பிடிபடாவிட்டால் அந்த செக்‌ஷன் பிள்ளைகளின் சம்பளத்தில் ஷார்ட்டேஜ் என்று பிடிக்கிறீர்கள். இரண்டும் ஒரே பழக்கம். இரண்டிலும் விசாரணை இல்லை, ரசீது இல்லை, மேல்முறையீடு இல்லை.

திருட்டே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. முகூர்த்த நாட்கள் நெருங்கும்போது பட்டுப் பிரிவில் நாலைந்து பேர் சேர்ந்து வருவார்கள். ஒருவர் அரக்கு கேட்பார், ஒருவர் மாம்பழ மஞ்சள் கேட்பார், இன்னொருவர் பார்டர் சின்னதாக வேண்டும் என்பார். மேல் அடுக்கில் இருப்பதைக் காட்டி எடுக்கச் சொல்வார்கள். விற்கிற பெண் முதுகைத் திருப்பி ஸ்டூலில் ஏறும் அந்த நேரம் போதும். விரித்துக் கிடக்கும் இருபது புடவைகளில் ஒன்று காணாமல் போயிருக்கும். அப்புறம் "நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வர்றோம்" என்று எழுந்து போய்விடுவார்கள். மடித்து அடுக்கும்போதுதான் தெரியும். தெரியும்போது அவர்கள் பஸ் ஏறியிருப்பார்கள். அந்தப் பெண்ணின் முகம் அப்போது எப்படி வெளுத்துப்போகும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். புடவை போன வருத்தத்தில் வெளுப்பதில்லை அது. அந்த மாதச் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று மனசுக்குள் கணக்குப் போடும் முகம்.

சூப்பர் மார்க்கெட்டில் வேறு மாதிரி. நெய், முந்திரி, ஷேவிங் பிளேடு, வாசனைத் திரவியம், சாக்லேட்: சின்னதாகவும் விலை கூடியதாகவும் இருப்பவை போகும். பழைய மளிகைக்கடையில் இது கிடையாது. சரக்குக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் ஒரு மேசையும் அண்ணாச்சியும் இருந்தார்கள். 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து, வாங்குகிறவர்களே கூடையோடு உள்ளே போய் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். கடையாட்களின் கூலி மிச்சமானது. கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்கிற ஆசையில் விற்பனையும் ஏறியது. உலகம் முழுக்க அந்த ஏற்பாடுதான் இன்றைக்கு நடக்கிறது. மேசையை எடுத்தால் கொஞ்சம் களவும் போகும் என்பது அதன் செலவு. கூலி மிச்சமும் விற்பனை ஏற்றமும் உங்கள் லாபக் கணக்கில் வரும்போது, அந்தச் செலவு மட்டும் ரேக் அடுக்குகிற பிள்ளையின் சம்பளத்தில் எப்படிப் போய் உட்காரும்?

குறைகிற சரக்கெல்லாம் திருட்டும் இல்லை. தென்மாவட்டக் கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் ஸ்டாக் எடுத்தபோது புத்தகத்துக்கும் ரேக்குக்கும் பெரிய வித்தியாசம் வந்தது. மேனேஜர் அன்றைக்கே அந்தப் பிரிவுப் பெண்கள் அத்தனை பேர் தலையிலும் சமமாகப் பிரித்துப் போட்டுவிட்டார். நான் பில் கட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினேன். நெசவாளர் சங்கத்திலிருந்து வந்த கட்டு ஒன்றைப் பிரித்து எண்ணாமலே, அவர்கள் பில்லில் போட்டிருந்த எண்ணிக்கையை அப்படியே வரவு வைத்திருந்தார்கள். குஞ்சம் கட்டவும் ஃபால்ஸ் அடிக்கவும் வெளியே போன புடவைகளுக்குப் பதிவு இல்லை. பக்கத்து ஊர்க் கிளைக்கு அவசரமாக அனுப்பியது டிரான்ஸ்ஃபர் போடாமல் போயிருந்தது. பார்கோடு சீட்டு கிழிந்துபோன ஒரு புடவையை, பில் போடுகிற பையன் விலை ஒத்துப்போகிற வேறொரு புடவையின் சீட்டை வைத்து அடித்திருந்தான். ஒரு பக்கம் குறைவும் இன்னொரு பக்கம் உபரியும் அதனால் வந்தன. முதலாளி வீட்டம்மாவுக்குப் பார்க்க எடுத்துப்போன புடவைகளில் சில திரும்பவே இல்லை. அவற்றுக்கு பில்லும் இல்லை. எல்லாம் தேடி முடித்தபோது கடைசிவரை கணக்கு கிடைக்காமல் நின்றவை இரண்டே இரண்டு. அவை திருடுபோயிருக்கலாம். ஆனால் பிள்ளைகளிடம் பிடித்த பணம் பிடித்ததாகவே இருந்தது. திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்தக் கடையில் இல்லை என்றார்கள். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

காய்கறிப் பிரிவிலும் இதே கதைதான். காலையில் இறக்கின வெங்காயமும் கீரையும் ராத்திரிக்குள் காய்ந்து எடை குறையும். அழுகினதைக் கழிக்கும்போது நிறுத்து எழுதுவதில்லை. மாதக் கடைசியில் அதெல்லாம் சேர்ந்து 'காணவில்லை' என்ற தலைப்பில் வந்து நிற்கும்.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை. அமெரிக்காவின் தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு 2022-ஆம் ஆண்டுக்கான சரக்குக் குறைவைப் பற்றிக் கடைக்காரர்களிடமே கேட்டது. வெளியாள் திருட்டு 36 விழுக்காடு, உள்ளாள் திருட்டு 29, பதிவுப் பிழையும் நடைமுறைக் கோளாறும் 27 என்று அவர்களே சொன்னார்கள். அதாவது கால் பங்குக்கு மேல் களவே இல்லை. அதே கூட்டமைப்பு, 2021-இல் ஏற்பட்ட 9,450 கோடி டாலர் குறைவில் கிட்டத்தட்ட பாதி திருட்டுக் கும்பல்களால் வந்தது என்று முழங்கியிருந்தது. அந்தக் கணக்குக்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்ததும் 2023 டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அத்தனை பெரிய அமைப்புக்கே எது திருட்டு, எது பிழை என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிருக்கிறது. ஸ்டாக் எடுத்த அன்று சாயங்காலமே உங்கள் மேனேஜர் எப்படிச் சொல்லிவிடுகிறார்?

பிரிட்டன் தபால் துறையில் நடந்ததை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கிளைத் தபால் நிலையங்களில் ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் பொருத்தினார்கள். அது பணம் குறைகிறது என்று காட்டியது. கிளையை நடத்தியவர்கள் "நாங்கள் எடுக்கவில்லை, உங்கள் இயந்திரத்தைப் பாருங்கள்" என்று கெஞ்சினார்கள். கேட்க ஆள் இல்லை. ஒப்பந்தப்படி குறையை நீ கட்டு என்று கட்டவைத்தார்கள். பலர் வீட்டை அடகுவைத்துக் கட்டினார்கள். 1999 முதல் 2015 வரை தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தண்டிக்கப்பட்டார்கள். அந்த வழக்குகளில் பெரும்பாலானவற்றில் புலன் விசாரித்ததும் வழக்குத் தொடுத்ததும் அந்தத் தபால் நிறுவனமேதான். பணத்தை இழந்ததாகச் சொல்லும் கட்சியே விசாரணை அதிகாரியாகவும் இருந்தது. மென்பொருளில் பிழை இருந்ததை 2019-இல் அங்குள்ள உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024-இல் தனிச் சட்டமே கொண்டுவந்து அந்தத் தண்டனைகளைத் துடைத்தார்கள். அதற்குள் சிறைக்குப் போனவர்கள் உண்டு, செத்துப்போனவர்கள் உண்டு. உங்கள் கடையில் கணினி காட்டும் ஷார்ட்டேஜைப் பார்க்கும்போது அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் தொடங்கி 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு வரை அடிப்படை மாறவில்லை. ஒரு பொருள் குறிப்பிட்ட ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அவருடைய கவனக்குறைவால் நேரடியாக அது தொலைந்திருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். தொலைந்ததன் மதிப்புக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. ஆயிரம் பேர் நடமாடும் தளத்தில் தொங்கும் சுடிதார் எந்தப் பெண்ணின் தனிப் பொறுப்பு? செக்‌ஷன் முழுவதற்கும் சமமாகப் பிரித்துப் போடுகிற பிடித்தத்துக்கு எந்தச் சட்டத்திலும் இடம் கிடையாது.

இனி, பிடிபடுகிறவர்களைப் பற்றி.

'திருடினால் பத்து மடங்கு அபராதம்' என்று பலகை மாட்டியிருக்கிறீர்கள். அபராதம் விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கும் அரசு அதிகாரிக்கும்தான் உண்டு. போலீஸைக் கூப்பிடுவேன், வீட்டுக்குச் சொல்வேன் என்று மிரட்டிப் பணம் வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவுப்படி அது மிரட்டிப் பணம் பறித்தல் ஆகிவிடக்கூடும். அறைக்குள் பூட்டிவைப்பது 127-ஆம் பிரிவு. இன்னொன்றையும் உங்களில் பலர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தின் சாதாரணத் திருட்டுப் பிரிவில், ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறை திருடினவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவைதான். அப்படிப்பட்ட வழக்கில் போலீஸே வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம் அது. தனி ஆள் ஒருவரைப் பிடித்துவைக்கலாம் என்று சட்டம் விடும் உரிமையோ, ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் தன் கண்ணெதிரே நடந்தாலோ, நீதிமன்றம் அறிவித்த தலைமறைவுக் குற்றவாளியைக் கண்டாலோ மட்டும்தான். அப்போதும் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஒரு டப்பா நெய்க்காக ஒரு பெண்ணைச் சாயங்காலம் வரை மேனேஜர் அறையில் உட்காரவைத்தீர்கள் என்றால், அந்த அறையில் பெரிய குற்றம் செய்தவர் அவரில்லை.

எடுத்ததைக் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அந்த உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு. பையைச் சோதிக்க வேண்டும் என்றால் அவர் சம்மதம் வேண்டும். பெண்ணின் உடம்பைச் சோதிப்பதென்றால் போலீஸ்கூட இன்னொரு பெண்ணை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, உங்கள் செக்யூரிட்டி எந்தத் தைரியத்தில் கை வைக்கிறார்?

பிடிபட்டவர் கையில் அந்தப் பொருளைக் கொடுத்துப் படம் எடுப்பது, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குவது, கேமராக் காட்சியை வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது எல்லாம் சாதாரணமாகிவிட்டது. குழுவில் போட்டது குழுவில் நிற்பதில்லை. 2022-இல் மேற்கு வங்கத்தின் ஜய்காவ் ஊரில் ஒரு கல்லூரி மாணவி கடையில் சாக்லேட் எடுத்துப் பிடிபட்டார். காசும் கொடுத்துவிட்டார். அப்புறமும் அந்த வீடியோ வெளியே பரவியது. அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 2025 மே மாதம் அதே மாநிலத்தின் பான்ஸ்குராவில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மீது சிப்ஸ் பாக்கெட் திருடினதாகப் பழி விழுந்தது; ஊரார் முன்னால் அவமானப்பட்ட அவனும் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அம்மாவுக்கு எழுதிவைத்த சீட்டில் தான் திருடவில்லை என்று எழுதியிருந்தான். சிப்ஸ் பாக்கெட், முதலாளிமாரே. அந்தச் சிறுவனின் வயதில் எத்தனை பிள்ளைகள் ஸ்கூல் விட்டு உங்கள் கடைக்குள் நுழைகிறார்கள்! பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர் குற்றத்தில் சிக்கினால் அவரை அடையாளம் காட்டும் படத்தையோ பெயரையோ வெளியிடக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். பிள்ளைகள் விஷயத்தில் அப்பா அம்மாவைத் தனியே கூப்பிட்டுப் பேசி, பொருளை வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

வாசலில் அலாரம் அடிக்கும் கேட் இருக்கிறதே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். துணியில் மாட்டின டேக்கை பில் கவுண்டரில் காந்தத்தில் வைத்துக் கழற்ற வேண்டும். கூட்ட நேரத்தில் பையன் ஒன்றை மறந்துவிடுவான். காசு கொடுத்து வாங்கின குடும்பம் வெளியே போகும்போது கேட் கத்தும். தெருவே திரும்பிப் பார்க்கும். செக்யூரிட்டி கையை நீட்டி மறிப்பார். நான் நின்று பார்த்தவரை பெரும்பாலான அலாரம் இந்த மறதியால் அடித்ததுதான். "எங்க பையன் டேக் கழற்ற மறந்துட்டான் போல, மன்னிச்சுக்கோங்கம்மா, ஒரு நிமிஷம்" என்று தொடங்கும்படி உங்கள் செக்யூரிட்டிக்குச் சொல்லிக்கொடுங்கள். எடுத்தவராக இருந்தாலும் அந்தப் பேச்சில் ஒன்றும் கெட்டுப்போகாது.

அப்புறம் களவை எப்படித்தான் தடுப்பது என்று கேட்பீர்கள். நம் ஜவுளிக்கடைகளில் பழைய பெரியவர்கள் ஏற்படுத்திவைத்த முறை ஒன்று இருக்கிறது. விற்பவர் ஒருவர், பில் போடுபவர் ஒருவர், காசு வாங்குபவர் ஒருவர், சீல் வைத்த பில்லைப் பார்த்துப் பார்சல் கொடுப்பவர் வேறொருவர். ஒரே ஆள் கையில் சரக்கும் காசும் சேராது. எந்த வெளிநாட்டு இயந்திரத்துக்கும் குறையாத காவல் இது. கவுண்டரைக் குறைக்கிறோம் என்று இதைத்தான் முதலில் கைவிடுகிறீர்கள். பட்டில் 'ஒரு நேரத்தில் ஆறு புடவைக்கு மேல் விரிக்காதே, மடித்துவிட்டு அடுத்ததை எடு' என்ற விதியும், மேலே ஏறி எடுக்க இன்னொரு கையாளும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சூப்பர் மார்க்கெட்டில் விலை கூடிய சின்னப் பொருளை பில் கவுண்டருக்குப் பக்கத்தில், ஆள் பார்வையில் வையுங்கள். திருட நினைத்து வருகிறவரை விரட்டும் சொல், "என்ன வேணும்க்கா? கூடை எடுத்துத் தரட்டுமா?" என்பதுதான். தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்தாலே கை பின்வாங்கும். வாங்க வந்தவருக்கோ அது உபசாரம்.

ஆனால் அப்படிக் கேட்கத் தளத்தில் ஆள் வேண்டும், அவர் களைக்காமல் இருக்க வேண்டும். காலையிலிருந்து நின்றபடியே இருக்கும் பெண்ணுக்கு ராத்திரி எட்டு மணிக் கூட்டத்தில் எதிரே இருப்பவரின் கையா கண்ணில் படும்? 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியாகிவிட்டது. ஜவுளிக்கடைப் பிள்ளைகளின் பாட்டைச் சொல்லி 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்து ஊரே அழுததையும் நீங்கள் அறிவீர்கள். இன்னும் எத்தனை தளங்களில் ஸ்டூல் சுவரோரம் காட்சிப்பொருளாகக் கிடக்கிறது?

ஸ்டாக்கை வருஷத்துக்கு ஒருமுறை மார்ச்சில் மொத்தமாக எண்ணாதீர்கள். விலை கூடிய பிரிவைத் தினமும், மற்றதைச் சுற்றுமுறையில் வாராவாரம் எண்ணினால் எந்த நாளில், எந்த ஷிஃப்டில் குறைந்தது என்று தெரியும். அன்றைய கேமராப் பதிவும் அழியாமல் இருக்கும். விற்பனையில் இத்தனை விழுக்காடு சரக்கு குறையும் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒதுக்கீடு வையுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போவதற்கும் பில் போடுங்கள். கும்பலாக வந்து திருடுகிறவர்களுக்கு மேலே சொன்ன கருணையெல்லாம் தேவையில்லை. பதிவை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள், புகார் எழுதிக் கொடுங்கள், சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி நில்லுங்கள். அலைச்சல்தான். ஆனால் பின்னறையில் பத்து மடங்கு வாங்கி அனுப்பிவைத்த கும்பல் அடுத்த வாரம் பக்கத்துக் கடையில் நிற்கும்.

"பிடித்தம் இல்லை என்றால் பிள்ளைகளே எடுக்க ஆரம்பிப்பார்கள்" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். உள்ளாள் களவு உண்டு. தெரிந்தவர் கூடையில் நாலில் ஒன்றை ஸ்கேன் பண்ணாமல் விடுகிற கேஷியரை நானே கணக்கில் பிடித்திருக்கிறேன். கேன்சல் பில், ரிட்டர்ன் பில், டிஸ்கவுண்ட் பில் மூன்றையும் ஆள்வாரியாகப் போட்டுப் பார்த்தால் அது வெளியே வந்துவிடும். ஊழியர் திருடினால் சாதாரணத் திருட்டைவிடக் கடுமையாக, ஏழு ஆண்டு வரை தண்டனை சட்டத்தில் இருக்கிறது. எடுத்த ஒருவர் மீது ஆதாரத்தோடு அதைப் பயன்படுத்துங்கள். எடுக்காத பத்துப் பேரையும் சேர்த்துப் பிடித்தால், எடுத்தவர் கட்ட வேண்டியதில் பெரும்பகுதியை எடுக்காதவர்கள் கட்டுகிறார்கள். திருடினவருக்கு அதைவிட லாபமான ஏற்பாடு கிடையாது. ராத்திரி வேலை முடிந்து போகும்போது பிள்ளைகளைச் சோதிக்கிறீர்களே, அந்தச் சோதனையும் திரைக்குப் பின்னால், பெண்களுக்குப் பெண்ணே செய்வதாக, மேனேஜருக்கும் சேர்த்து இருக்கட்டும்.

ஆடிக் கூட்டம் தொடங்குவதற்குள் இரண்டு வேலை செய்யச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பத்து மடங்குப் பலகையைக் கழற்றுங்கள். இந்த ஆண்டு இதுவரை ஷார்ட்டேஜ் என்று பிடித்த பணத்தைப் பெயர்வாரியாகப் பட்டியல் போட்டு, எதற்காகப் பிடித்தது என்று எழுதித் திருப்பிக் கொடுங்கள். தீபாவளி போனஸோடு சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் அது உங்கள் தயவாகத் தெரியும், இதுவோ அவர்கள் உழைத்த காசு. வேலையை விட்டு ஊருக்குப் போன பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய வங்கிக் கணக்கில் போடலாம், எண் உங்கள் சம்பளப் பதிவேட்டிலேயே இருக்கும். பட்டியல் எடுக்க ஆள் இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். நானே வந்து உட்கார்ந்து போட்டுத் தருகிறேன், அதற்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் ஸ்டாக் எடுக்கும் ஒரு கணக்காளர்